படகின் பின் பலகையைப் பிரித்த நாள்

நான்கு வருடங்களுக்கு முன்பு, பொங்கல் முடிந்த கையோடு, கடலூர் முதுநகரில் உப்பனாற்றங்கரையில் நடந்தது இது. அன்று அங்கே இருந்தவர்கள் மூன்றே பேர். அவர்களில் நானும் ஒருத்தி என்பதால்தான் இதை எழுத முடிகிறது. மற்ற இருவரும் இதைப் பற்றி வாய் திறக்கவே மாட்டார்கள்.

என் வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர். நான் சிதம்பரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறேன். காலையில் பஸ் பிடித்துப் போய் பொழுது சாய்வதற்குள் திரும்பி வருவேன். என் பிறந்த வீடும் சிதம்பரத்தில்தான். அப்பா பரங்கிப்பேட்டைப் பக்கம் மீனவர் குடும்பத்தில் பிறந்தவர். ஆனால் வாலிப வயதிலேயே கடல் வேண்டாம் என்று கரையேறி, சிதம்பரம் புறவழிச்சாலை ஓரம் இருக்கும் ஒரு ஃபைபர் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். பாத்ரூம் கதவு, தண்ணீர்த் தொட்டி, பஸ் ஸ்டாப்பில் போடும் நாற்காலி, அவ்வப்போது படகு ரிப்பேர் என்று ஓடிக்கொண்டிருந்தது. என்ன சோப்பு போட்டுக் குளித்தாலும் அவர் மேல் ஃபைபர் ஒட்டுகிற ரெசினின் நெடி போகாது.

தன் பிள்ளைகள் கடல் பக்கம் போகக் கூடாது என்று அப்பா நினைத்தார். ஆனால் என்னைச் சொந்தத்தில் கேட்டு வந்தபோது மறுக்க முடியவில்லை. தம்பி டிப்ளமோ படித்தான். வேலைக்கென்று நெய்வேலி, புதுச்சேரி, சென்னை எல்லாம் அலைந்தான். எதுவும் அமையவில்லை. கடைசியில் என் வீட்டுக்காரரோடு கடலுக்குப் போக ஆரம்பித்தான். "கொஞ்ச நாளைக்குத்தாம்பா" என்று அப்பாவிடம் சொன்னான். அவனுக்கு அந்தத் தொழில் பிடித்துப்போனது எனக்கு மட்டும் தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் என் வீட்டுக்காரர் பழைய ஃபைபர் படகு ஒன்று வாங்கினார். பின்னால் அவுட்போர்டு மோட்டார் மாட்டி ஓட்டும் படகு. அந்த மோட்டாரின் மொத்த கனத்தையும் தாங்குவது படகின் பின்பக்கத்தை அடைத்து நிற்கும் பலகைதான். உள்ளே மரம் இருக்கும், இரண்டு பக்கமும் ஃபைபர் மூடியிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் ஒரே வழவழப்பான சுவர் மாதிரி தெரியும். உள்ளே மரம் எப்படி இருக்கிறது என்று கண்ணால் பார்க்க முடியாது. நீலப் பெயிண்ட் அடித்து, மாலை போட்டு அந்தப் படகை ஆற்றில் இறக்கிய அன்று நான் வேலைக்குப் போயிருந்தேன். போனில் தம்பி அனுப்பிய போட்டோவைத்தான் பார்த்தேன்.

ஆவணி மாதம் ஒரு காலையில், ஒரு டியூபில் ரத்தம் எடுத்து மூடியைப் போடும்போது என் போன் அடித்தது. பக்கத்து வீட்டு அக்கா. போட்டு கவுந்துடுச்சாம், உன் வூட்டுக்காரர கரை ஏத்திட்டாங்களாம் என்று மட்டும் சொன்னார். தம்பியைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்காமலே எனக்குப் புரிந்துவிட்டது.

மீன் பிடித்துவிட்டுத் திரும்பும்போது, ஆறு கடலில் சேரும் இடத்தில் ஒரு பெரிய அலை படகின் பின்பக்கத்தைத் தூக்கியிருக்கிறது. அந்த வேகத்தில் மோட்டார் பலகையின் ஒரு துண்டோடு பிய்ந்துகொண்டு தண்ணீருக்குள் போய்விட்டது. பின்பக்கம் திறந்து கிடந்த படகுக்குள் அடுத்த அலை நேராக ஏறிப் படகைக் கவிழ்த்துவிட்டது. பின்னால் வந்த இன்னொரு படகுக்காரர்கள் என் வீட்டுக்காரரைத் தூக்கிப் போட்டுக்கொண்டார்கள். தம்பி மறுநாள் சாமியார்பேட்டைப் பக்கம் ஒதுங்கினான்.

அவனைச் சிதம்பரம் வீட்டிலிருந்துதான் எடுத்தோம். தெரு நிறைய ஆட்கள் நின்றார்கள். அம்மா திடீரென்று எழுந்து போய் என் வீட்டுக்காரர் முன்னால் நின்றார். "ஓட்ட போட்டுல என் புள்ளைய ஏத்திட்டுப் போயி கடல்ல வுட்டுட்டு நீ மட்டும் வந்து நிக்கிறியே. வாங்கும்போது கண்ணு தெரியலியா ஒனக்கு?" என்று கேட்டார். சட்டையைப் பிடித்து உலுக்கினார். அவர் தலையைக் குனிந்துகொண்டே நின்றார். ஒரு வார்த்தை பேசவில்லை. சொந்தக்காரர்கள் அம்மாவைப் பிரித்துக் கூட்டிக்கொண்டு போனார்கள். போகிற போக்கில் அவர்களும் ஆளுக்கொன்று சொன்னார்கள். பழைய படகை யார் வாங்கச் சொன்னது, ஆசை ஜாஸ்தி என்றெல்லாம். அப்பா பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மருமகன் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

அதன் பிறகு என் வாழ்க்கை இரண்டு ஊருக்கும் நடுவே ஓடும் பஸ்ஸிலேயே கழிந்தது. வேலை முடிந்ததும் அம்மா வீட்டுக்குப் போவேன். அம்மா என் மகளுக்கு என்று ஏதாவது கட்டிக் கொடுப்பார். என் வீட்டுக்காரரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டார். அப்பா பட்டறைக்குப் போவார், வருவார், சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் படுத்துவிடுவார். கடலூருக்கு வந்தால் இங்கே இவரும் அப்படித்தான். மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிற வேலைக்கும், கூடை தூக்குகிற வேலைக்கும் போய்க்கொண்டிருந்தார். ஆற்றங்கரைப் பக்கமே போக மாட்டார். கரையேற்றிப் போட்ட படகு அங்கே குப்புறக் கிடந்தது. மழைக்காலம் முழுக்க அதன் அடியில் நாய்கள் படுத்துக் கிடந்தன.

அவரிடம் கோபமா என்று என்னைக் கேட்டால் அதற்குப் பதில் சொல்லத் தெரியாது. ஒரே தட்டில் இரண்டு பேருக்கும் சோறு போட்டுச் சாப்பிட்ட காலம் போய், அவர் சாப்பிட்ட பிறகு நான் சாப்பிட்டேன். அவ்வளவுதான். சண்டை எதுவும் இல்லை. பேச ஒன்றும் இல்லாமல் போய்விட்டது.

தை பிறந்ததும், படகை வாங்கிக்கொள்கிறேன் என்று புதுச்சேரிப் பக்கமிருந்து ஒருவர் வந்தார். பின்னால் ஒரு பலகையைச் செருகி, மேலே கொஞ்சம் ஃபைபர் ஒட்டி, பெயிண்ட் அடித்து இறக்கிவிடலாம் என்றார். என் வீட்டுக்காரர் சரி என்று சொல்லிவிட்டார். அது கண்ணில் படாமல் போனால் போதும் என்று எனக்கும் இருந்தது. அன்று சாயங்காலம் அம்மா வீட்டில் பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். சனியன் ஒழியட்டும் என்றார் அம்மா.

சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பா நிமிர்ந்தார். மாதக்கணக்கில் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"பின் பலகைய என்ன பண்ணப் போறானாம்?"

வந்தவர் சொன்னதை அப்படியே சொன்னேன். அப்பா கையை உதறிவிட்டு எழுந்தார். "அப்பிடியே ஒட்டுனா திரும்பவும் பிச்சிக்கிட்டுத்தான் போவும். வேற வூட்டுப் புள்ள அதுல ஏறும்" என்றார். மீதிச் சோறு தட்டிலேயே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு லோடு ஆட்டோ எங்கள் தெருமுனையில் வந்து நின்றது. ரெசின் கேன், சுருட்டிய கண்ணாடி நார்ப்பாய், கிரைண்டர், பிளைவுட் எல்லாவற்றோடும் அப்பா இறங்கினார். வீட்டுக்குள் வரவில்லை. நேராக ஆற்றங்கரைக்குப் போனார். இவர் பின்னாலேயே போனார். நானும் டீயை எடுத்துக்கொண்டு போனேன். என் வீட்டுக்காரர் ஒரு முழம் தள்ளித்தான் நின்றிருந்தார். அப்படியும் அப்பா என்னைப் பார்த்துத்தான் பேசினார்.

"போட்ட நிமித்தணும். ஆளுங்களக் கூப்புடச் சொல்லு."

ஆட்களைக் கூப்பிட்டுப் படகைப் புரட்டி நிமிர்த்தி, மணல் மூட்டை வைத்து நிறுத்தினார்கள். அவர்கள் போனதும் அப்பா துண்டால் வாயையும் மூக்கையும் கட்டிக்கொண்டு கிரைண்டரைப் போட்டார். பிய்ந்து போனது நடுவில் ஒரு துண்டுதான். இரண்டு பக்கமும் பலகை பார்க்க நன்றாகவே இருந்தது. உள்பக்கத்து ஃபைபரை ஓரமாக அறுத்து, உளியை விட்டு நெம்பி, ஒரு கதவைப் போலத் திறந்தார்.

உள்ளே, பிய்ந்த இடத்தைச் சுற்றி மரமே இல்லை. மரம் இருந்த இடத்தில் கறுப்பாக, ஈரமாக, கொதிக்க வைத்து வடிகட்டிப்போட்ட டீத்தூள் மாதிரி ஏதோ இருந்தது. புளித்த வாடை அடித்தது. மோட்டார் மாட்டும் போல்ட் ஓட்டைகள் வழியாகத் தண்ணீர் இறங்கி, வருடக்கணக்கில் மரத்தை ஊற வைத்திருக்கிறது. எங்களுக்கு விற்றவருக்கு அது தெரியுமா, தெரியாதா என்று இனி யாரைக் கேட்பது.

அப்பா அதை ஒரு கை அள்ளிப் பிழிந்தார். விரலிடுக்கில் தண்ணீர் வடிந்தது. அதைக் கையில் வைத்தபடியே மணலில் உட்கார்ந்தார்.

"வாங்குன அன்னிக்கு நாந்தான தட்டிப் பாத்தேன்" என்றார்.

யாரிடம் சொல்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. என் வீட்டுக்காரர் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சுத்தியல் காம்பால தட்டுனேன். சத்தம் கணீர்னு இருக்குது, மரம் கல்லாட்டம் இருக்குது, வாங்கிக்கன்னு சொன்னேன். சொன்னேனா இல்லியா?"

"வுடுங்க மாமா."

"நான் ஓரத்துல தட்டுனேன். நடுவுல ஒழுங்கா தட்டல. பட்டறைக்கு நேரமாயிடுச்சின்னு கெளம்பிட்டேன்."

படகு வாங்கும்போது அப்பா வந்து பார்த்தார் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரியாது. தெரிந்தவர்கள் மூன்று பேர். அதில் ஒருவன் இப்போது இல்லை.

அப்பா முதல்முறையாக மருமகனை நேராகப் பார்த்தார். "அத்தன பேரு முன்னாடி அவ ஒன்ன சட்டையப் புடிச்சிக் கேட்டா. நீ ஏன் மாப்ள வாயே தொறக்கல?"

இவர் ஆற்றிலிருந்து பார்வையைத் திருப்பினார். பிறகு மெதுவாகச் சொன்னார். "அத்தைக்குப் புள்ள போயிட்டான். உங்களையும் வெறுத்துட்டா அப்புறம் அவுங்க யாருகிட்ட மாமா போயி அழுவாங்க?"

அப்பா அழவில்லை. கையில் இருந்ததை மணலில் போட்டுவிட்டுத் துண்டால் விரல்களைத் துடைத்தார். "நீ சொல்லிருவ, இன்னிக்கு சொல்லிருவன்னு தெனம் காத்துக்கிட்டு இருந்தேன். சொல்லித் தொலைச்சிருக்கலாம் நீ" என்றார். நான் கொண்டுபோன டீ ஆறிப்போய் அப்படியே இருந்தது. அப்பா எழுந்து மீதி மரத்தைச் சுரண்ட ஆரம்பித்தார். கொஞ்ச நேரம் கழித்து இவரும் இன்னொரு உளியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

வாங்க வந்தவரிடம் போனில் படகு விற்பனைக்கு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அப்பா பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டுத் தினமும் காலை பஸ்ஸில் வந்தார். நான் கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில் இருப்பேன். அவர் சிதம்பரத்திலிருந்து கடலூர் வரும் பஸ்ஸில் இருப்பார். புதுச்சத்திரம் தாண்டி எங்கேயோ நாங்கள் ஒருவரையொருவர் கடந்திருப்போம்.

பழைய மரம் முழுவதையும் சுரண்டி எடுத்து, வெயிலில் காயவிட்டார்கள். புது பிளைவுட்டை அளந்து வெட்டி, இரண்டு அடுக்காக ஒட்டி உள்ளே இறக்கினார்கள். அடிப்பாகத்திலிருந்து பலகைக்கு முட்டுக் கொடுத்தார்கள். முன்பு மோட்டார் மாட்டுவதற்காகப் பலகையின் நடுவில் பள்ளமாக வெட்டியிருந்தது. பலகை பிய்ந்ததும் அந்தப் பள்ளத்தை ஒட்டித்தான். இந்த முறை அப்பா அதை வெட்டவே விடவில்லை. பலகையை முழு உயரத்துக்கு ஏற்றிவிட்டு, கடனுக்கு வாங்கிய வேறு மோட்டாரைத் தனியாக ஒரு ஸ்டீல் பிராக்கெட்டில் படகுக்கு வெளியே மாட்டச் சொன்னார். முதுநகரில் ஒரு வெல்டிங் பட்டறையில் அதைச் செய்து வாங்கினார்கள். போல்ட் ஓட்டை ஒவ்வொன்றையும் பெரிதாகத் துளைத்து, ரெசினால் அடைத்துக் காயவைத்து, அதற்குள் திரும்பவும் துளைத்தார். ஒரு சொட்டுத் தண்ணீர் மரத்தைத் தொடக் கூடாது என்பது மட்டும்தான் அவருக்குக் குறி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் நான் அங்கே இருந்தேன். அன்று நார்ப்பாய் ஒட்டுகிற வேலை. ரெசினில் ஹார்டனரைக் கலந்துவிட்டால் பிறகு நிறுத்த முடியாது. இறுகுவதற்குள் பாயை விரித்து, பிரஷ்ஷால் குத்திக் குத்திக் காற்றை வெளியே எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு பேரும் படகின் இரண்டு ஓரத்திலும் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். அப்போதுதான் அப்பா கேட்டார்.

"கவுந்ததுக்கு அப்புறம் எதப் புடிச்சிருந்தீங்க?"

"புடிக்க ஒண்ணும் இல்ல மாமா. மேல படுத்துக்கிட்டோம். வழுக்கிக்கிட்டே இருந்துச்சு."

"அவனுக்கு நீந்தத் தெரியுமே."

"மோட்டாரு பிச்சிக்கிட்டுப் போவும்போது அவன் கையில அடிச்சிடுச்சு. ஒரு கை தூக்க முடியல. இன்னொரு கைய நான் புடிச்சிருந்தேன்."

அப்பா பாயின் ஓரத்தைப் பிரஷ்ஷால் குத்தினார். இவர் குனிந்தபடியே சொன்னார். "வலிக்குது மாமான்னு சொன்னான். ஒரு அலைக்கு இருந்தான். அடுத்த அலைக்கு என் கைதான் இருந்துச்சு."

இதை என்னிடம்கூட அவர் சொன்னதில்லை. இரண்டு பேரும் நிமிரவில்லை. நிமிர்ந்து முகத்தைப் பார்த்திருந்தால் அவரால் சொல்லியிருக்க முடியாது, அப்பாவாலும் கேட்டிருக்க முடியாது என்று நினைக்கிறேன். ரெசின் தீரும்வரை ஒட்டிவிட்டு, அப்பா போய் ஆற்றுப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நெடுநேரம் நின்றார். காய ஆரம்பித்த பலகையை நான் தொட்டுப் பார்த்தேன். காய்ச்சல் கண்ட உடம்பு மாதிரி சுட்டது.

மறுநாள் அப்பா கடையில் தேடித் தடித்த நைலான் கயிறு வாங்கி வந்தார். படகின் வெளிப்பக்கத்தில், கவிழ்ந்தால் கைக்கு எட்டும் இடமாகப் பார்த்து, இரண்டு பக்கமும் வளையம் வளையமாகக் கட்டினார். ஒவ்வொன்றையும் தன் முழு பலத்தோடு இழுத்துப் பார்த்தார்.

படகை இறக்கிய அன்று பூமாலை, பெயிண்ட் எதுவும் இல்லை. அப்பாவும் ஏறி உட்கார்ந்தார். கரையேறிய பிறகு எத்தனையோ வருடமாக அவர் எந்தப் படகிலும் ஏறியதில்லை. ஆற்றிலேயே ஒரு சுற்றுப் போய் வந்தார்கள். மோட்டாரை முழு வேகத்தில் வைக்கச் சொல்லி, அப்பா பின் பலகையில் உள்ளங்கையை அழுத்தி வைத்துக்கொண்டு வந்ததைக் கரையிலிருந்து பார்த்தேன். இறங்கியதும், "தாங்கும்" என்றார். பிறகு என்னிடம், "ஒங்க அம்மாகிட்ட இன்னிக்கு சொல்லிடப் போறேன்" என்றார்.

வேண்டாம் மாமா என்று இவர் அப்பாவின் கையைப் பிடித்தார். அப்பா கேட்கவில்லை. "நீ சொமந்தது போதும்" என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார்.

அன்று வீட்டில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. மறுநாள் வேலை முடிந்து போனபோது அம்மா அடுப்படியில் இருந்தார். அப்பா வாசலில் இருந்தார். சத்தம் எதுவும் இல்லை. ஒரு வாரம் கழித்து அம்மா என் வீட்டுக்காரருக்குப் போன் செய்தார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. "கடலுக்குப் போவும்போது சொல்லிட்டுப் போ. வந்ததும் சொல்லு" என்றார். அன்றிலிருந்து இன்றுவரை தினமும் இவர் போகும்போது ஒரு போன், கரை ஏறியதும் ஒரு போன். அம்மா "ம்" என்பார். அதற்காகவே காத்திருந்த குரல் அது.

ஆனால் அப்பாவிடம் அம்மா பேசுவதில்லை. சோறு போடுவார், துணி துவைத்துக் கொடுப்பார், காய்ச்சல் வந்தால் மாத்திரை எடுத்து வைப்பார். பேச மட்டும் மாட்டார். இவர் எதற்குப் பயந்து வாயை மூடிக்கொண்டிருந்தாரோ, அதுவே நடந்துவிட்டது. தம்பியின் பெயரைச் சொல்லி அழுவதற்கு அம்மா இப்போது என்னிடம் வருகிறார். அப்பா யாரிடமும் போவதில்லை. மாதம் ஒருமுறை கடலூர் வருவார். இப்போதெல்லாம் பலகையைத் தட்டிப் பார்ப்பதில்லை. ஒரு போல்ட்டைக் கழற்றி, ஓட்டைக்குள் கம்பியை விட்டு எடுத்து, ஈரம் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பார். பிறகு மருமகனோடு ஒரு டீ குடித்துவிட்டுப் போவார். அந்த டீக்கடையில் மட்டும் அவர் கொஞ்சம் பேசுகிறார் என்று இவர் சொன்னார்.

அப்பா சொல்லாமலே இருந்திருக்கலாமா என்று பஸ்ஸில் வரும்போது பல நாள் யோசித்திருக்கிறேன். சொல்லாமல் இருந்திருந்தால் அந்த வீட்டில் பேச்சு இருந்திருக்கும், ஆனால் என் வீட்டுக்காரர் அந்த வாசலை மிதிக்க முடியாமலே போயிருப்பார். எது சரி என்று எனக்குத் தெரியவில்லை. ஒன்று மட்டும் மாறிவிட்டது: நாலு பேர் முன்னால் திட்டு வாங்கிக்கொண்டு ஒருவர் தலைகுனிந்து நிற்பதைப் பார்த்தால், சொல்வதற்கு ஒன்றும் இல்லாததால்தான் அவர் பேசாமல் நிற்கிறார் என்று என்னால் இப்போதெல்லாம் நினைக்க முடிவதில்லை.